பூவாடைக்காரிக்கு யார் முகம்

15.9.87, செவ்வாய்

காலையில் சின்னதுரை அரிசி மண்டிக்குப் போர்டு. மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கச் சுவரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக, 'சாலை மறியலுக்கு அணிதிரண்டு வாரீர்'. போன வாரம் அதே சுவரில் வேறு கட்சிக்கு எழுதியவனும் நான்தான். ஒரு கோட்டிங் சுண்ணாம்பு அடித்தால் சுவர் எல்லாவற்றையும் மறந்துவிடும். எனக்கு அந்த வரம் இல்லை.

ஐந்து வயதில் பறிகொடுத்த அம்மாவின் முகத்தை இன்றைக்கும் யாரால் இப்படி வரைய முடியும்? போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவளை எடுக்கவே இல்லையாம். எடுக்காமலே குறைந்தது. சிம்னி விளக்கு, கஞ்சியை ஊதி ஊதி ஊட்டும் வாய், மோவாயில் ஒரு பள்ளம். அவ்வளவும் என்னிடம் இருக்கிறது. நான் வரையும் லட்சுமிக்கு அந்த முகம். மாரியம்மன் கோயில் திரைச்சீலைக்கு அந்த முகம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரில் சிரிக்கும் மனைவிக்கும், பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டுபவளுக்கும் அதே முகம்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் எங்கள் அம்மா ஆட்சிதான்.

17.9.87, வியாழன்

நேற்று எலவனாசூர்கோட்டையிலிருந்து ராஜாம்பாள் அக்கா வந்தாள். மகள் செந்தமிழ்ச்செல்விக்கு ஐப்பசியில் கல்யாணம். அதற்கு முன்னால் பிறந்த வீட்டுப் பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டுமாம். அம்மா சுமங்கலியாகப் போனவள், அவள்தான் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி; புடவையும் பூவும் வைத்துக் கும்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வாள். இந்தத் தடவை கலசத்துக்குப் பக்கத்தில் படமும் வேண்டும் என்கிறாள். ஆர்ட்டிஸ்ட் தம்பி சும்மாதானே இருக்கிறான்.

இன்று காலை முதல் பஸ்ஸில் திரும்ப வேண்டியவள். ரோடு நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாதாம். நான் எழுதிய சுவர் நன்றாகவே வேலை செய்கிறது. பலன், வீட்டில் அக்கா.

18.9.87, வெள்ளி

ஒரே நாளில் படம் முடிந்தது. முப்பது வருடமாக வரைகிற முகம், கை தானாகப் போகிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்துத் துண்டைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"யாருடா இது?"

"அம்மா."

"அம்மாவா? இது நம்ம பக்கத்து வூட்டு வளையக்கடை ஷம்ஷாத் அக்கா."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. அம்மா ஒரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். "உன்ன இடுப்புல வெச்சிகினு கஞ்சி ஊட்டினதெல்லாம் அவங்கதான். அம்மா மூஞ்ச நீ எங்க பார்த்தே? இருட்டு ரூம்ல உன்ன வுடவே மாட்டாங்க." அடுத்த வருடமே ஷம்ஷாத் அக்கா குடும்பம் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டதாம். எனக்கு அந்தப் பெயரே ஞாபகம் இல்லை.

இல்ல. அக்காவுக்குத்தான் புத்தி தடுமாறுது. அப்ப அவளுக்கு மட்டும் என்ன வயசு, பதினொண்ணு.

அப்படியானால் மாரியம்மன் திரையில் இருப்பது? தர்மகர்த்தா அரங்கநாதனுக்குத் தெரிந்தால் மிச்சம் இருக்கிற மரத்தோடு என்னையும் சாய்த்து ரோட்டில் போடுவார்.

20.9.87, ஞாயிறு

ரோடு திறக்கவில்லை. அக்காவின் வாயும் மூடவில்லை. வேறு ஆளை வைத்துப் படைத்தால் அம்மா பட்டினியாகத் திரும்பிப் போவாள், அது கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்று புலம்பிக்கொண்டே இருக்கிறாள். சரி, நீ சொல், நான் வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். காலையில் அம்மாவுக்கு உருண்டை முகம், மத்தியானம் நீள முகம். மூக்குத்தி இடமா வலமா என்று கேட்டால் தன் மூக்கைத் தடவிப் பார்க்கிறாள்.

அப்பாவிடம் போனோம். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "மூஞ்சியா? உங்கம்மா எதிர்ல நான் எங்கடா நிமிந்து பார்த்தேன்?"

21.9.87, திங்கள்

சின்னதுரை மண்டி வாசலுக்கு ஒரு லட்சுமி வேண்டுமாம். பிள்ளையார் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

24.9.87, வியாழன்

பஸ் ஓடுகிறது. அக்கா ஊருக்குப் போய்விட்டாள்.

தூரிகையைத் தொடப் பிடிக்கவில்லை. ஊரில் பாதிச் சுவர்களில் ஏதோ ஒரு பொம்பளை சிரிக்கிறாள். அவள் அம்மா இல்லை என்றால் எனக்கு அம்மா முகமே இல்லை. கண்ணை மூடிப் பார்க்கிறேன், வேறொன்றும் வரவில்லை. அழுகைதான் வருது. இந்த வயசுல இதுக்கா அழுவாங்க.

27.9.87, ஞாயிறு

படத்தைச் சுருட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டை போனேன். வழியெல்லாம் அறுத்துக் குவித்த புளியங்கட்டைகள். கடைத்தெருவில் அமீர் பேன்சி ஸ்டோர், ஷம்ஷாத் அக்காவின் மகன் கடை. பின்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சுருக்கம். மோவாயைத்தான் முதலில் பார்த்தேன். பள்ளம் இருந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அம்மா பெயரைச் சொல்லி, அமிர்தத்தின் மகன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"அமிர்தமேதான். இன்னாப்பா இப்படி அச்சு மாதிரி எழுதி வெச்சிகினு கீறே."

"எனக்குக் கஞ்சி ஊட்டினது நீங்கதானே?"

"காச்சிக் குடுத்தது நானு. ஊட்டினது அவதான். எழுந்து ஒக்கார முடியாது, படுத்துக்கினே ஊதி ஊதி ஊட்டுவா."

மறதியா, மனசு நோகக் கூடாதென்று சொன்ன பொய்யா, நிஜமேதானா? அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு அவசியம் வரணும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

30.10.87, வெள்ளி

படையல். அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மாதான்னு ஷம்ஷாத் அக்காவே சொன்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி." கலசத்துக்குப் பக்கத்தில் வைத்து மல்லிகை சாத்தினாள். மத்தியானம் வந்த சொந்தக்காரர்களிடம், "எங்கம்மா அச்சு அசல் இப்படித்தான் இருப்பாங்க, எனக்கு நல்லா ஞாபகம் கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வடை தின்றேன்.

1.11.87, ஞாயிறு

எலவனாசூர்கோட்டையில் கல்யாணம். ஷம்ஷாத் அக்கா மகனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டியதும் செந்தமிழ்ச்செல்வியை அழைத்துப் போய் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னேன். அவர் யார், எவர் என்று பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

"மாமா, நம்ம படத்துல கீற ஆயா மாதிரியே இல்ல இவங்க?"

ஷம்ஷாத் அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபோது, அத்தனை சுருக்கத்துக்கு நடுவிலும், மோவாயில் அந்தப் பள்ளம் விழுந்தது.

ராஜாம்பாள் அக்காவும் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். தட்டிலிருந்த முதல் தாம்பூலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

4.11.87, புதன்

சின்னதுரை மறுபடி வந்தார். பிள்ளையார் வேண்டாம், லட்சுமிதான் வேண்டுமாம். பழைய முகமே போடட்டுமா என்று கேட்டேன். "உனக்கு வேற மூஞ்சி தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று சொல்லிவிட்டுத் தூரிகையை நனைத்தேன்.