பதினேழாம் பேட்டி

மே 12, பிஷ்கெக்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை: பேட்டிகள் அத்தனையையும் பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டும், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மலையூர் மருமகள்களின் மனச்சோர்வு பற்றி இருபத்திரண்டு பேட்டிகள். ஊர், பெயர், வயது எல்லாம் துடைத்து ஏற்றிவிட்டேன். வழிகாட்டி ராகத் சார் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கையிலிருந்து ஒன்று வருவதே அபூர்வம்.

மே 19

என்னோடு ஆராய்ச்சி செய்கிற ஜிபெக், நாரின் மலைப்பகுதிக்காரி, பதினேழாம் பேட்டியைப் படித்துச் சிரித்தாள். "யாருடி இந்தத் தேன்வாயன்?"

"அவ புருஷனோட அண்ணன். நான் கேக்காமலே அவளே புனைபெயர் போட்டுப் பேசினா. விவரமான பொண்ணு. அதான் அதைத் துடைக்காம விட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. "லூசா நீ? எங்க பக்கம் மருமக புருஷன் வீட்டு ஆம்பளைங்க பேரைச் சொல்லவே மாட்டா. தானா ஒரு பேர் வெச்சுத்தான் கூப்பிடுவா. அது ஊருக்கே தெரியும்டி."

நான் நகரத்தில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவள். அதற்காக? கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டாமா?

அந்தப் பேட்டி கொடுத்த பெர்மெத் சொன்னது: கணவன் ரஷ்யாவில் வேலையில் இருக்கிறான், இங்கே தேன்வாயன் அடிக்கிறான். பள்ளி லீவு விட்டதும் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடப் போகிறாள். லீவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

மே 20

பேட்டியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குள் முப்பத்தொரு பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள். யார் யார்?

ராகத் சார் கதவைச் சாத்தினார். "எடுத்தாச்சுல்ல? வாயை மூடிக்கிட்டு இரு. நெறிமுறைக் குழுவுக்குத் தெரிஞ்சா கட்டுரை போகும், உன் பட்டமும் போகும்."

"அந்தப் பொண்ணு, சார்?"

"ஆடு மேய்க்கிற ஊர்ல எவன்மா ஆராய்ச்சி படிக்கிறான்?"

நம்ப ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — ஆசையாகத்தான் இருந்தது.

மே 21

பெர்மெத் எண்ணுக்குப் போன் போட்டேன். ஆண் குரல். வைத்துவிட்டேன்.

மே 22

அதே எண்ணிலிருந்து அழைப்பு. "தங்கச்சி, நேத்து கூப்பிட்டீங்களே, யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

தவறான எண் என்றேன்.

"பரவாயில்லைம்மா. பெர்மெத் போன் இனிமே என்கிட்டதான் இருக்கும். ஏதாவதுன்னா என்கிட்டயே சொல்லுங்க."

அவ்வளவு இனிமை. ஏன் அந்தப் பெயர் வைத்தாள் என்று புரிந்தது. படிச்சிட்டானா? இல்ல, நான் போன் பண்ணினதாலதான் சந்தேகமே வந்துச்சா? கடவுளே, என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

மே 23

ஜிபெக்கின் சித்தி பக்கத்து ஊர் மருத்துவமனையில் நர்ஸ். யாரென்று சொன்னால் போய்ப் பார்ப்பார். ஆனால் பெர்மெத்தின் பெயரை வெளியே சொல்லக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் எல்லாமே வெளியே வரும். குழு அறைக் கதவுவரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை தட்டினேன்.

குழுத் தலைவி குல்சாரா அக்கா திட்டவில்லை. "நர்ஸ் நம்பரைக் கொடு, சீக்கிரம்" என்றார், போனைக் கையில் எடுத்தபடியே.

மே 24

தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லி, நர்ஸ் பெர்மெத்தையும் கைக்குழந்தையையும் மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிட்டார். பெர்மெத்துக்கு உதட்டில் தையல் போட வேண்டியிருந்ததாம். அங்கிருந்தே பாதுகாப்பான இடத்துக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். மூத்த பையன் அந்நேரம் பெரியப்பாவோடு சந்தைக்குப் போயிருந்தான்.

ஜூன் 14

கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. பட்டம் என்னவாகும் என்று யாரும் சொல்லவில்லை. பெர்மெத்தைப் பார்க்கக் கேட்டேன். அவளுடைய அக்கா, "வேணாம். எங்க இருக்கான்னும் கேக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

சம்பவ அறிக்கையை ராகத் சாரே நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினார். 'பங்கேற்பாளருக்கு நேர்ந்த தீங்கு' என்ற இடத்தில் 'ஏதுமில்லை, பாதுகாப்பாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு எழுதினேன்: ஏழு வயது மகன் அந்த வீட்டிலேயே இருக்கிறான்.

கையெழுத்துப் போட்டேன்.