பாடல் பயிற்சி, புறக்கணி

நாள் 311. 07:10
செவ்வாய், இரண்டாம் நிலையம். எழுதுவது ஒலிப் பொறியாளன் செல்வின். இங்கே நானும் என் மனைவி ஜெபக்கனியும் மட்டும். காற்றுப் பம்புகள் சரி. கசிவு மணி இன்றும் பொய்யாக அடித்தது. எங்காவது ஓட்டை விழுந்தால் காற்று மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் சீறும்; சுவரில் உள்ள கசிவு மைக்குகள் அதைக் கேட்டு மணி அடிக்கும். ஜெபா குரலும் அங்கேதான் கணீரென்று நிற்கும். பாளையங்கோட்டை சர்ச்சில் பதினெட்டு வருஷம் சோப்ரானோ என்னும் உச்சக் குரலில் பாடியவள். மைக் இல்லாமலே ஆர்கனைத் தாண்டிக் கடைசி பெஞ்சு வரை போகும். பம்பு இரைச்சல் கீழ் சுருதியில் கிடக்க, இவள் அதன் தலைக்கு மேலே ஏறிப் போய்விடுவாள். நல்ல தொண்டைதான். தலைவலி எனக்கு.

13:20
அவள் குரலைக் கணினிக்கு அடையாளம் காட்டிவிட்டேன். இனி அது கேட்டால் "பாடல் பயிற்சி, புறக்கணி" என்று எழுதிக்கொள்ளும், மணி அடிக்காது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாள் 319. 11:15
லேசாக நிலம் ஆடியது. வழக்கமானதுதான். ஜெபா பத்து மணிக்கே தோட்டக் கூடத்துக்குப் போய்விட்டாள், கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக.

16:40
திரையில் "பாடல் பயிற்சி, புறக்கணி" 140 தடவை. இன்றைக்கு ஒரு கை பார்க்காமல் விடமாட்டாள் என்று சிரித்துக்கொண்டேன். சாப்பிடவும் வரவில்லை. போய்ப் பார்க்கிறேன்.

19:05
கூரை சரிந்து கதவை அடைத்திருந்தது. காற்றுக் குழாய் நசுங்கி, ரேடியோ நொறுங்கிக் கிடந்தது. கதவை அறுத்தேன். என் ஜெபா போய்விட்டாள்.

நாள் 322. நேரம் பார்க்கவில்லை
கூடத்துச் சுவரில் மிஞ்சியிருந்தது கசிவு மைக் ஒன்றுதான். அதன் பதிவைக் கேட்டேன். ஐந்து மணி நேரம். வாயை அகலத் திறந்து உச்சத்திலேயே பாடியிருக்கிறாள். அந்த உயரத்தில் வார்த்தை கரைந்துவிடும், குரல் மட்டும் போய்ச் சேரும். அது போதும், மணி அடிக்கும், நான் ஓடி வந்துவிடுவேன் என்று நம்பியிருக்கிறாள். கடைசியில் மூச்சில்லாமல் பேச்சுக்கு இறங்கிவிட்டாள். பம்பு இரைச்சலை நீக்கிக் கேட்டேன்.
"ஏங்க... கதவு தொறக்க மாட்டேங்கு. நான் பாடுதது கேக்கலையா?"
கேட்டது, ஜெபா. நூற்று நாற்பது தடவை கேட்டது. பாவி நான்.

நாள் 340. 06:30
அந்தக் கட்டளையை அழித்துவிட்டேன். இப்போது மணி அடித்தது. தோட்டக் கூடம், மூவாயிரம் ஹெர்ட்ஸ். அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன்.
கசிவுதான். நான் அறுத்த கதவோரம். கையில் ஓட்டை அடைக்கும் பசை இருக்கிறது. அடைத்தால் சத்தம் நின்றுவிடும். காது அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு