நெல்லைத் தேடினோம், மனுஷி வந்தாள்

இன்று காலை ஆய்வகத்தில் புதிய கையுறைப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். ரப்பரும் மாவும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. உடனே நீ வந்துவிட்டாய். போய்ச் சேர்ந்தவர்கள் மல்லிகைப்பூ வாசத்தில் வருவார்கள், சாம்பிராணிப் புகையில் வருவார்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். நீ கையுறைப் பெட்டியிலிருந்து வருகிறாய். நம் படிப்புக்கு அதுதான் பொருத்தம் என்று சிரித்துக்கொண்டேன். மாணவிகள் பார்ப்பதற்குள் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து எழுத நினைக்கிறேன். உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்து நிற்கிறது. உன்மேல் இல்லை, உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து உனக்கே சொல்லிவிடுகிறேன். நீ பொறுமையாகக் கேட்பாய். அதுவும் பொய், நீ எதையும் பொறுமையாகக் கேட்டதே இல்லை.

கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா என்று டெல்டா முழுக்க நம்பிய காலத்தில் நாம் கல்லூரிக்குப் போனோம். நெல் விற்றுக் கிடைத்ததெல்லாம் கல்லூரி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு புதுப் படிப்பை அந்த வருடம்தான் தொடங்கியிருந்தார்கள். சேர்க்கை அறையில் இருந்தவர், "டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் நடுவுலம்மா. இனிமே இதுதான்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற நீ, "நடுவுலன்னா எங்க சார், வராண்டாவுலயா?" என்று கேட்டாய். அவர் முறைத்தார். நாம் சிநேகமானது அந்த இடத்தில்தான்.

என் அப்பாவும் இதையே வேறு மாதிரி கேட்டார். "வைத்தியப் படிப்பா, கம்ப்யூட்டர் படிப்பா?" இரண்டும் என்றேன். "அப்ப ரெண்டு வேல கெடைக்குமா?" என்றார். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா தலையெடுத்த பிறகுதான் பேராவூரணிப் பக்கம் கொஞ்சம் நிலம் சொந்தமானது. என் படிப்புச் செலவு அண்ணனுடையது. சிங்கப்பூரில் கட்டட வேலை. நான் வேலைக்குப் போகிற அன்றைக்கு அவன் ஊர் திரும்புவதாகப் பேச்சு. வீட்டில் எல்லோரும் அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

படிப்பு நாம் நினைத்ததைவிட அழகாக இருந்தது. உயிருள்ள எதுவானாலும் அதற்குள் நாலே எழுத்தில் எழுதிய நீளமான வரி ஒன்று இருக்கிறது, அந்த வரிகளைக் கணினியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, எது எதற்குச் சொந்தம் என்று பார்க்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொல்லித்தர ஆள்தான் இல்லை. விலங்கியல் சாருக்குக் கணினியைத் திறக்க பியூன் வர வேண்டும். கணினி மேடமோ, "புரோட்டீன்னா பருப்புல இருக்குமே, அதானம்மா?" என்பார். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொண்டுபோய் விளக்குவதே நமக்குப் பாதிப் படிப்பாக இருந்தது. "இவங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டினாத்தான்டி நாம பாஸாவோம்" என்று நீ சொல்வாய்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எல்லோரும் ஏதேதோ வெளிநாட்டு வைரஸை எடுத்துக்கொண்டார்கள். நீ உங்கள் ஊர் நெல்லை எடுத்தாய். குழியடிச்சான். உப்பு மண்ணிலும் சாகாத நெல். மற்ற நெல்லுக்கு இது எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்று பார்ப்போம் என்றாய்.

இலை பறிக்க வேதாரண்யம் வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உதடு கரித்தது. உப்பளத்தை ஒட்டி உங்கள் வயல். உன் அத்தை என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஊரைக் கேட்டார். சொன்னேன்.

"அங்க எந்தத் தெருவும்மா?"

நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்டாலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் கேட்டாலும் அதே அர்த்தம். நான் தெருவைச் சொன்னேன், குரலைத் தாழ்த்தாமல். நீ உள்ளே போய் ஒரே தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். "சேந்து தின்னுடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். உன் அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பற்றி நாம் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

இலையை அரைத்தது வெறுங்கையால். கையுறை இல்லாமல் இல்லை. விலங்கியல் சாரின் பீரோவில் முழுப் பெட்டி இருந்தது. கேட்டால், "அது இன்ஸ்பெக்‌ஷனுக்கும்மா" என்பார். ஆய்வுக்குழு வருகிற அன்று மேசைக்கு வரும், அவர்கள் போனதும் உள்ளே போய்விடும். வேறு வழியில்லாமல் வெறுங்கையாலேயே அரைத்து, வடித்து, எழுத்துகளைப் படித்துத் தருகிற பெங்களூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். எந்த உயிரானாலும் அதன் நாலெழுத்து வரியிலிருந்து ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பெருக்கித் தருகிற பொதுவான மருந்துதான் நம் துறையில் இருந்தது. அதைத்தான் பயன்படுத்தினோம்.

பதில் வந்த அன்று கல்லூரியில் இணையம் இல்லை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தோம். வந்த எழுத்துகளை, எல்லா உயிர்களின் வரிகளும் சேர்த்து வைத்திருக்கிற இணையத் தேடலில் போட்டுவிட்டு, கரண்டு போய்விடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். பட்டியல் வந்தது. முதல் வரியில் மனிதன். அதற்குக் கீழே சிம்பன்சி, அதற்கும் கீழே கொரில்லா. நெல் எங்குமே இல்லை.

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "நெல்லு கேட்டா ஆளு வருதுடி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கையிலிருந்து ஏதோ துளி விழுந்து, இலையை அமுக்கிவிட்டு அது முன்னால் வந்திருக்கிறது. உன் கைதான் என்றேன். உன் கைதான் என்றாய். சண்டை போட்டுவிட்டுப் பார்த்தால், நாம் அனுப்பிய துண்டு எல்லா மனிதரிடமும் ஒரே மாதிரி இருப்பது. உன்னுடையதா, என்னுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. உன் அத்தை கேட்ட கேள்விக்கு அந்தத் திரையில் பதில் கிடையாது. எனக்கு அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது.

விலங்கியல் சார்தான் நமக்கு வழிகாட்டி. அவர் பதறவே இல்லை. "இதுக்கு ஏம்மா கவலப்படுறீங்க? நெட்டுல நெல்லோடது எவ்வளவோ கெடக்கு. ஒண்ண எடுத்து நாலு எழுத்த மாத்திப் போட்டுடுங்க. வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் டீ குடிச்சிட்டுக் கெளம்பிடுவாரு."

"எந்த நாலு எழுத்து சார்?" என்று நீ பேனாவை எடுத்தாய். "நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவர் மேசையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். எல்லோரும் செய்வதைச் சொன்னார், அவ்வளவுதான்.

உனக்கும் எனக்கும் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை உறுதியாகியிருந்தது. அரியர் விழுந்தால் அந்த வேலை கிடையாது. என் வேலை போனால் அண்ணன் திரும்பி வர முடியாது. தஞ்சாவூர்ப் புது ஆற்றங்கரையில் உன்னை நிறுத்தி வைத்து இதையெல்லாம் கத்தினேன். "உனக்கென்னடி, உங்கப்பாவுக்கு உப்பளம் இருக்கு" என்றேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. "பொய்ய எழுதினா, அப்பறம் யார் கேட்டாலும் அதையே சொல்லணும்டி. எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி இல்ல" என்றாய்.

நான் ஒப்புக்கொண்டது தைரியத்தால் இல்லை. ஆத்திரத்தால். ரெண்டு படிப்பு என்று சொல்லிச் சேர்த்தார்கள், அரைப் படிப்பைக்கூடச் சொல்லித்தர ஆள் வைக்கவில்லை. ஒரு ஜோடி கையுறை தராதவர்கள் பொய்யை மட்டும் தாராளமாகத் தந்தார்கள். அதை ஏன் வாங்க வேண்டும் என்று தோன்றியது. இன்றும் அப்படியேதான் தோன்றுகிறது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "இதுல நெல்லு எங்கம்மா?"

"வரல சார்" என்றாய்.

"அப்ப வந்தது?"

"மனுஷன் சார்."

"யாரு?"

"நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சார். எங்க சாராவும் இருக்கலாம்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு நான் எப்படிம்மா மார்க் போடுறது?" என்றார்.

"ஃபெயில் போடுங்க சார். மறுபடி செய்றோம். ஆனா க்ளவுஸ் குடுக்கச் சொல்லி எழுதிட்டுப் போங்க."

உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவர் இரண்டையும் செய்தார். நமக்கு ஃபெயில் போட்டார், கையுறைக்கும் எழுதிவிட்டுப் போனார். நாலு எழுத்து மாற்றியவர்கள் எல்லோரும் பாஸாகி சென்னை போனார்கள், அங்கிருந்து கடல் தாண்டினார்கள். அவர்கள்மேல் எனக்கு வன்மம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னதுதான் எனக்குப் பெரிய வைவா. போனில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பொய் சொல்லிருந்தா பாஸா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "சரி விடு. நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கேன். இந்தத் தடவ ஒழுங்காச் செய்ங்க ரெண்டு பேரும்" என்றான். அவன் பெயரை எந்த ப்ராஜெக்டிலும் யாரும் போடவில்லை. அந்த ஒரு வருடத்தை அவன் கொடுத்தான் என்பதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்கவில்லை. அவன் கல்யாணத்தில் நீ பந்தி பரிமாறினாய்.

சம்பா பருவத்தில் மறுபடி வேதாரண்யம் வந்தோம். மீன்காரரிடம் ஐஸ் பெட்டி வாங்கி இலையை அதில் வைத்துக் கொண்டுபோனோம். பீரோ திறந்திருந்தது. இந்த முறை நெல் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, மற்ற நெல்லைப் போலத்தான் இருந்தது. நாம் பாஸ்.

நான் மேலே படித்து, தஞ்சாவூரிலேயே இதே பாடத்துக்கு வாத்தியாராகிவிட்டேன். நீ பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக இதே நாலெழுத்து வரிகளை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாய். தப்பு என்று நீ திருப்பி அனுப்பியவை அதிகம் என்பதால் மேனேஜருக்கு உன்னைப் பிடிக்காது என்று பெருமையாகச் சொல்வாய். கம்பெனி மூடியதும் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். பிறகு அந்த நோய். கடைசியாக உன்னைப் பார்த்தபோது உன் கை எலும்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நீ பேச முடியாத வாயால் என் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்டாய், நானும் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் உன் சித்தப்பா என்னிடம் வந்தார். நல்ல துக்கத்தில்தான் இருந்தார். "கையில வந்த வேலம்மா. அன்னிக்கு ஒரு நாலு எழுத்த மாத்திப் போட்டிருந்தா இந்தப் பொண்ணு எங்கயோ இருந்திருக்கும். அந்தப் படிப்பே வீணாப் போச்சு" என்றார்.

சாவு வீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று எனக்கும் தெரியும். "எங்கயோ இருந்திருப்பா, உண்மதான்" என்றேன். "ஆனா அது அவளா இருந்திருக்காது சித்தப்பா. அவ படிச்சத நீங்க வீணுன்னு சொல்லாதீங்க. என் முன்னாடி சொல்லாதீங்க." அவர் முகம் சுருங்கியது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கே சொன்னதோடு நான் நிறுத்தவும் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த அந்த எழுத்துகளை எந்தக் கணினி மாறினாலும் கூடவே கொண்டுபோகிறேன். இது உனக்குத் தெரியாது. எப்போதாவது சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இந்த வருடப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் அதைத்தான் கொடுத்தேன். என்ன உயிர் என்று கண்டுபிடியுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில், "மனுஷன் மேடம்" என்றார்கள். யாருடையது என்று கேட்டார்கள். அதை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். நெல்லைத் தேடிப்போன கதையைச் சொன்னேன், வைவாவைச் சொன்னேன், உன்னைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மறைக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முதல் வாரமே பயந்துபோயிருக்கிறாள் போல. "அப்ப அந்த ப்ராஜெக்ட் ஃபெயிலா மேடம்?"

"ஃபெயில்தாம்மா" என்றேன். "ஆனா அதுல ஒரு எழுத்துகூட நாங்களா மாத்திப் போட்டது இல்ல."