வரைபடத்தில் இல்லாத நம் கிணறு

என் பரீதா ராத்தாவுக்கு, எங்கே இருந்தாலும் நான் கூப்பிட்டால் "ஓ" என்று குரல் கொடுக்கிற என் உடன்பிறவாத அக்காவுக்கு,

நீங்கள் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களோடு பேசாத நாளில்லை. ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை. வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் சண்டை பிடித்துவிடுவேன். எழுதினால் முழுவதையும் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பொய்தான். இதற்குள் இரண்டு தடவை எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றைப் பதிவதற்கான அந்தப் படிவத்தை, நீங்கள் வேண்டவே வேண்டாமென்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினீர்களே, அதை நான் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை யட்டவத்தையில் விசாரணை. கோபப்படுவதென்றால் கொஞ்சம் பொறுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் ராத்தா. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நம் ஊருக்குப் பைப் தண்ணீர் கிடையாது. நாற்பத்தொரு வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே பொதுக் கிணறு. மிளகும் வெற்றிலையும் போட்டிருக்கிறவர்களுக்கு மேட்டில் தனித்தனியாகச் சின்னக் கிணறும் மோட்டாரும் உண்டு. மேலே அவர்கள் இறைத்தால் கீழே பொதுக் கிணறு இறங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இறைத்தார்கள், நீங்கள் ஊர்த் தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவியாக வரும்வரைக்கும்.

நீங்கள் கொண்டுவந்த சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தண்ணீர் இறங்கி, கிணற்றுக்குள் மேலிருந்து ஆறாவது கொங்கிரீட் வளையம் வெளியே தெரிகிற அன்றைக்கு, மோட்டார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் மோட்டாரின் பியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து உங்கள் கையில் கொடுக்கவேண்டும். மழை பெய்து வளையம் மூடினால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் தோட்டத்துக்கு வாளிதான். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எல்லோருடைய பியூஸ் கட்டையும், பெயர் எழுதிய பிளாஸ்டரோடு. முதல் வருஷம் உங்கள் சொந்தத் தம்பி, எனக்கு அண்ணன் முறையான இர்பான் நானா கொண்டுவந்து தரவில்லை. நீங்களே போய், சோறு தின்றுகொண்டிருந்த மனிதனுக்கு முன்னால் கதிரையைப் போட்டு ஏறி, மெயின் சுவிட்சைத் திறந்து கழற்றினீர்கள். "நீ என்ட தம்பி. நீதான் எல்லாருக்கும் முந்தித் தந்தீக்கணும்" என்றீர்கள். அன்று பின்னேரத்துக்குள் மிச்சப் பேரும் தாங்களாகவே கொண்டுவந்தார்கள்.

நான் எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அங்கே எல்லோரும் பிடிக்கிற பீலியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதைத் தொரை பங்களாவில்தான் தீர்மானிப்பார்கள். பங்களாப் பூந்தோட்டத்துக்குப் போக மிஞ்சியதுதான் லயத்துக்கு. கேட்கப் போன என் அப்பாவைக் கங்காணி வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஆகவே, இருக்கிற தண்ணீரைப் பற்றி இருக்கிறவர்களே கூடிப் பேசி நிறுத்தலாம், திறக்கலாம் என்பதைக் கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த பிறகுதான் கண்டேன். சங்கத்துக்குச் செயலாளராக இரு என்று நீங்கள் கேட்டபோது, தைக்க வந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தது அதனால்தான்.

அந்தப் படிவம் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? கிராம சேவகர் கொண்டுவந்து தந்தார். ஊரிலுள்ள கிணறுகளை எல்லாம் கொழும்பில், நிலத்தடித் தண்ணீரைப் பார்க்கிற அலுவலகத்தில் பதியவேண்டும் என்றார். நீங்கள் கண்ணாடியைப் போட்டு ஒரு பக்கம் படித்தீர்கள், மறுபக்கம் திருப்பவே இல்லை.

"எங்கட கெணத்துக்குக் கொழும்புல யார்ட்ட கேக்கணும்? அவங்களா வெட்டின? இன்டக்கிப் பேர் கேப்பாங்க, நாளைக்கி மீட்டர் பூட்டுவாங்க. பொறகு நம்மட பியூஸ் அவங்கட கைல."

நானும் ஆமாம் போட்டேன் ராத்தா. சும்மா தலையாட்டவில்லை, மனதார ஆமாம் போட்டேன். அந்தப் பங்களா வாசல் என் கண்ணுக்குள் வந்து நின்றது. லாச்சியை இழுத்துத் திறந்தது நான்தானே. இப்போது உங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டால் அது நியாயமில்லை.

உங்களுக்கு நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதிய அதே கிழமையில், மேலே விற்றுப்போன மிளகுக் காணிக்குத் துளைபோடும் இயந்திரம் ஏறியது. வாங்கியது தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிற கம்பனி. இரண்டு குழாய்க்கிணறு. இரண்டு நாள் கிடுகிடுவென்று வீட்டுச் சுவரெல்லாம் நடுங்கியது. மூன்றாம் மாதம் லொறிகள் ஓடத் தொடங்கின. நான் பிரதேச சபைக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "கட்டடத்துக்கு மட்டும்தாங்க நாங்க அனுமதி குடுக்கலாம். மண்ணுக்குக் கீழ இருக்கிற தண்ணி எங்க கையில இல்ல, அது கொழும்பு" என்றார். காணிக் கந்தோரில் கேட்டால், காணி சரி, தண்ணீர் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். கொழும்புக்குப் போன் எடுத்தால், எழுத்தில் அனுப்புங்கள் என்றார்கள். ஒரே மலைதானே ராத்தா? அதில் மேல் மண் ஒருவருக்கு, கட்டடம் இன்னொருவருக்கு, அடித்தண்ணீர் வேறொருவருக்கு என்று எப்படிப் பிரித்தார்கள்? மழைக்கு இது தெரியுமா?

இந்தக் கோடையில் கிணற்றில் பத்தாவது வளையம் தெரிந்தது. நீங்கள் இருந்தவரைக்கும் நாம் எட்டைத் தாண்டியதில்லை.

உங்களுக்குப் பிறகு பிஸ்கட் டின் என்னிடம்தான், ஆறாவது வளையம் தெரிந்த அன்றே எல்லோரும் கட்டையைக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். அப்போதுதான் இர்பான் நானா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, என்ட பியூஸத் தாங்க."

"நானா, பத்தாவது வளையம் தெரியுதுங்க. இப்பப் போய்க் கேக்குறீங்களே."

"மேல போத்தல்காரன்ட பியூஸ யார் கழட்டின? அவனுக்கில்லாத சட்டம் எனக்கு மட்டும் ஏன்? என்ட வெத்தில செத்துப்போகுது. அவன் லொறி லொறியா ஏத்திட்டுப் போறான்."

நீங்களாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். நான் டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மூன்று பேர், அதற்கடுத்த நாள் ஆறு பேர். ஒரு கிழமைக்குள் பள்ளிவாசல் மோட்டாரின் பியூஸ் மட்டும்தான் மிஞ்சியது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. நீங்கள் இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை நான் ஏழு நாளில் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிழமை மட்டும் மூன்று சட்டைத்துணியைத் தப்பாக வெட்டினேன்.

எழுத்தில் அனுப்பியதற்குப் பலனாகக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். சின்ன வயதுப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, சப்பாத்தெல்லாம் சேறு. நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். கிணற்றை எட்டிப் பார்த்தாள், ஆழம் அளந்தாள், பிறகு தன் கணினியில் வரைபடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, எங்க மெப்புல இந்த இடத்துல கிணறே இல்ல. வெறும் மிளகுத் தோட்டம். கீழ நாற்பது வீடு குடிக்குதுன்னு தெரிஞ்சிருந்தா இவ்வளவு கிட்டத்துல துளைபோட விட்டிருக்கமாட்டோம். கிணறு பதிய போர்ம் வரல்லயா உங்களுக்கு?"

லாச்சிக்குள் கிடக்கிறது என்று சொல்லாமல் உள்ளே போனேன். ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது அந்தத் தண்ணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோப்பையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அவள் போனபிறகு உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உங்களை அடக்கிய மையவாடிப் பக்கம் பெண்ணான நான் வரமுடியாது. அதனால் உங்கள் வீட்டு வாசலில் போய் நின்று, பூட்டிய உங்கள் அறை ஜன்னலைப் பார்த்து ஏசினேன். ஏன் ராத்தா அந்த மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை? ஏன் நானும் திருப்பிப் பார்க்கவில்லை? உங்கள் மருமகள் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவளுக்கும் உங்கள் மேல் கொஞ்சம் கோபம் இருந்திருக்கும் போல.

ஆனால் நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பிள்ளை போகுமுன் அவளிடம் நேராகவே கேட்டிருந்தேன், பதிந்தால் என்ன நடக்கும் என்று. ஒளிக்காமல் சொன்னாள். "பாதுகாப்புக் கிடைக்கும் அக்கா. அதோட நீங்க எவ்வளவு எடுக்கலாம்னு சொல்ற அதிகாரம் எங்களுக்கும் வரும்." நம் பியூஸ் சட்டத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "நல்ல சட்டம். ஆனா அத எழுத இந்தப் போர்ம்ல இடமில்ல."

அந்தப் படிவத்தில் இன்னொன்றும் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும். சங்கத்தின் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். சங்கத்தின் பதிவு இலக்கம் என்ன என்று கேட்டாள். சங்கத்தையும்தான் நாம் எங்கேயும் பதியவில்லையே ராத்தா. நம்மைப் பொறுத்தவரை நாம் இருக்கிறோம், அது போதும் என்று இருந்துவிட்டோம்.

பாலர் பாடசாலையில் கூட்டம் போட்டேன். யாருடைய பெயரை எழுதுவது என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு, இன்றைக்குப் பொதுக் கிணறு என்றால் நாளைக்குத் தங்கள் கிணறு என்ற பயம். கடைசியில் இர்பான் நானா எழும்பினார்.

"ராத்தா மவுத்தானாலும் அவ செல்லிட்டுப் போன சொல்லு ஈக்கிது. அந்தப் போர்மக் குடுக்க வேணாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பியூஸ வாங்கிட்டுப் போனப்ப அந்தச் சொல்லு எங்க போச்சுங்க நானா?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் கேட்டிருக்கக்கூடாது. அவர் முகம் சுண்டிப்போனது. மெதுவாகத்தான் கேட்டார். "சரி, அப்ப கெணறு யார்ட பேருக்கு? உங்கட பேருக்கா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. யாரும் பெயர் தராததால் கடைசியில் என் பெயரைத்தான் எழுதினேன். ஊரே சேர்ந்து வெட்டிய கிணறு இப்போது காகிதத்தில் எனக்குச் சொந்தம். எங்கோ இருந்து வந்த லயத்துப் பிள்ளைக்கு. அன்றிலிருந்து சிலர் வாளியோடு வந்தால் என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் போடுகிறார்கள். அனுமதி கேட்பது போல. ராத்தா, அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், என் அப்பா அப்படித்தான் பங்களாவைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார், "நமக்குப் பொறகு நம்ம மகன் இது எங்க கெணறுன்னு சொன்னா என்ன செய்வ மகேஸ்?"

பியூஸ் சட்டத்தை ஒரு துணைச்சட்டமாக நிறைவேற்றித் தரமுடியுமா என்று பிரதேச சபைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள். கொழும்பு ஒரு பக்கம் கம்பனியைக் கட்டுப்படுத்தி, சபை மறுபக்கம் நம் சட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்தால், இர்பான் நானாவிடம் நான் மறுபடி போய்க் கதிரை போட்டு ஏறலாம். இரண்டும் நடக்குமா? ஒன்றாவது நடக்குமா? எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை, கம்பனி துளைபோட்டதைக் கொழும்புக்காரர்கள் விசாரிக்கிற அந்த அறையில் முதல் கேள்வியே கிணறு யாருடையது என்பதாகத்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். ஊருடையது என்றால் எழுத அவர்களுக்கு இடமில்லை. சங்கத்துடையது என்றால் அப்படியொரு சங்கமே இல்லை. தயங்கினால் கம்பனியின் சட்டத்தரணி கிணறே இல்லை என்று முடித்துவிடுவார். ஆகவே, நான் எழும்பி நின்று, அது என்னுடைய கிணறு என்று சொல்லப்போகிறேன். இர்பான் நானாவும் ஊரும் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருக்கத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன் ராத்தா. அந்த அறைக்குள், அந்த ஒரு தடவை மட்டும். அதற்குப் பிறகு என் உயிர் இருக்கும்வரைக்கும் அந்த வார்த்தை என் வாயால் வராது.

நீங்கள் வேண்டாமென்றதைச் செய்த உங்கள் தங்கச்சி,
மகேஸ்வரி