சாவி என் பையில்தான் இருந்தது, அப்பா

வாய்க்கால் மேட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் செருப்பைத் தேடி வீட்டையே ரெண்டாக்குற என் அப்பா,

இப்ப காலை பத்தரை மணி. மதகுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில உட்கார்ந்து இதை எழுதுறேன். பத்தடி தள்ளி அம்மா நிக்கிறா, கையில ஷட்டர் சாவியோட. பன்னிரண்டு மணிக்கு முறை மாறணும். மேலத்தெரு வயலுக்குப் போற தண்ணியை நிறுத்தி, நம்ம தெரு வயலுக்குத் திருப்பணும். நம்ம தெரு ஆட்கள் இருபது பேர் இப்பவே வந்து கரையில நின்னுட்டாங்க. அவங்க தண்ணி பார்க்க வரலை. அம்மா கையில இருந்து சாவியை வாங்க வந்திருக்காங்க.

அம்மாவுக்கு இப்பத்தான் பிபி பார்த்தேன். ஏறியிருக்கு. "வீட்டுக்கு வாம்மா, வேற யாராவது பாத்துக்கட்டும்"னு கெஞ்சினேன். "பன்னண்டு அடிக்கட்டும்டி"ன்னுட்டா. இதே மரத்தடியில நீங்களும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் செஞ்ச காரியம்தான் இந்த இருபது பேரை இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு. அது உங்களுக்கும் தெரியாது, இவங்களுக்கும் தெரியாது.

இந்தக் கடிதத்தை நம்ம சபை மாதப் பத்திரிகைக்கு அனுப்பப் போறேன். ஊரே படிக்கட்டும். அதனால உங்களுக்குத் தெரிஞ்ச கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகணும். பொறுத்துக்குங்க.

பூதலூர் ரயில் பாதையில கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆகி வந்தீங்க. மாலை போட்டாங்க, பிரியாணி போட்டாங்க, மறுநாள்ல இருந்து நாற்காலியில உட்கார்ந்தீங்க. ஆறே மாசம். சர்க்கரை ஏறிப்போச்சு, கால் வீங்கிப்போச்சு, அம்மா வாயைத் திறந்தாலே எரிஞ்சு விழுந்தீங்க. நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில நர்ஸ். வாரா வாரம் வந்து மாத்திரையை மாத்தி மாத்திக் கொடுத்தேன். ஒண்ணும் கேட்கலை.

அப்பதான் வாய்க்கால் பார்த்துக்கிட்டிருந்த லஸ்கர் மாறிப் போனார். வேற ஆள் வரலை. ஆத்துலயே தண்ணி அளந்து வர்ற காலம். மேலத்தெருவும் நம்ம தெருவும் அரிவாளைத் தூக்குற அளவுக்குப் போயிடுச்சு. ஷட்டரைத் திருகுற அந்த இரும்புக் கைப்பிடி இருக்கே, சாவின்னு நாம சொல்றது, அது யார்கிட்ட இருக்கணும்னுதான் சண்டை. கடைசியில ரெண்டு தெருவும் ஒத்துக்கிட்ட ஒரே ஆள் நீங்க. மூணு நாள் அவங்களுக்கு, மூணு நாள் நமக்கு. சம்பளம் கிடையாது.

சம்பளம் கிடையாதுங்கறதுதான் நம்ம தெருவுக்குப் பொறுக்கலை. பெரியப்பா மகன் டேவிட் அண்ணன் வாசல்ல நின்னே கத்துனார். "நம்ம தாத்தா பண்ணையில வெட்டி வேலை செஞ்சது போதாதா சித்தப்பா? கொடி பிடிச்சு, அடிபட்டு, ஜெயிலுக்குப் போயி இந்தக் கடைமடை நிலத்துக்குப் பட்டா வாங்குனது எதுக்கு? திரும்பவும் கூலியில்லாம வேலை பாக்கவா?" நீங்க வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "அது பண்ணைக்காரன் வாங்குன வேலைடா, இது நான் குடுக்கிற வேலை"ன்னீங்க. அண்ணன் முணுமுணுத்துக்கிட்டே போயிட்டார். எனக்கும் அப்ப அது சரியாப் புரியலைப்பா.

ரயில்வேயில இருந்து கொண்டுவந்த ரெண்டு கொடியை மதகு மேல மூங்கில்ல கட்டினீங்க. சிவப்பு ஏறினா மேலத்தெரு முறை, பச்சை ஏறினா நம்ம முறை. "சிவப்பா? எந்தக் கட்சிங்க?"ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "தண்ணிக் கட்சி"ன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரிச்சது. தினம் காலையிலயும் சாயங்காலமும் கரை முழுக்க நடந்தீங்க. நாலாவது மாசம் உங்க சர்க்கரையைப் பார்த்துட்டு மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரி மெஷின்லயும் அதேதான் காட்டுச்சு. மாத்திரையை நீங்க விடலை, மருந்து வேலை செய்யலைன்னும் நான் சொல்லலை. ஆனா அந்த மாத்திரையைத்தான் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டும் முழுங்கினீங்க. அப்ப ஏன் கேட்கலை?

அப்புறம் அந்த ஆனி வெயில். சாப்பிடாம கொள்ளாம ரெண்டு தெரு சண்டையை நாள் முழுக்கத் தீர்த்து வச்சுட்டு, மதகுலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சீங்க. மேலத்தெருக்காரர் கார்லதான் உங்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தாங்க. நம்ம தெருவுல கார் ஏது? வார்டுல கண்ணு முழிச்சதும் என்னைத் தேடலை. சாவியை எடுத்து நீட்டி, "நாளைக்கு நம்ம முறை. டேவிட்டுகிட்ட குடுத்துடும்மா"ன்னீங்க. "சரிப்பா"ன்னேன்.

குடுக்கலை. என் கைப்பையில போட்டுக்கிட்டேன்.

சாவி ஊர்ல இருந்தா, நீங்க எழுந்து நடமாட ஆரம்பிச்ச அன்னைக்கே அதுக்குப் பின்னாலயே போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு சாவி போனா பொதுப்பணித்துறை ஆபீஸ்ல இன்னொண்ணு இருக்கும்னு நினைச்சேன். நர்ஸ் புத்தி. வார்டுல எல்லாச் சாவிக்கும் மாற்றுச் சாவி இருக்குமே! இந்த மதகுக்கு இல்லைன்னு யாருக்குத் தெரியும்? ரெஞ்சைப் போட்டுத் திருகிப் பார்த்து மரையும் தேஞ்சு போச்சாம். ஆள் வந்து சரி பண்ணி, பழைய அளவுலயே புதுச் சாவி செஞ்சு போடுறதுக்குள்ள நம்ம தெரு நாத்து முழுக்கக் காய்ஞ்சு கருகிடுச்சு. முதல்ல கருகுனது டேவிட் அண்ணன் வயல். நான் பயந்துட்டேன். நீங்க கேட்டப்ப, "அண்ணன் வீட்டுல குடுத்துட்டேனே"ன்னு உங்க முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். ஊரு என்ன முடிவு பண்ணுச்சு? மேலத்தெரு கார்ல போன மனுஷன், சாவியையும் மேலத்தெருவுக்கே வித்துட்டாருன்னு.

அதுக்கப்புறம் தஞ்சாவூர்ல என் வீட்டு மாடியில ஒரு வருஷம். உப்பில்லாத சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, ஃபேன் காத்து, அரசாங்கம் கொடுத்த டிவி. எது குறைஞ்சது? ஆனா சர்க்கரை ஏறுச்சு, தூக்கம் போச்சு. டாக்டர் சும்மா பேச்சுக் கொடுக்க, "பெரியவரே, என்ன வேலை பாக்குறீங்க?"ன்னார். நீங்க என்னைப் பார்த்துட்டு, "ஒண்ணுமில்லீங்க"ன்னீங்க. அந்த வார்த்தை இன்னமும் என்னைப் பிடுங்கித் தின்னுது. நெஞ்சு வலி வந்த மனுஷனுக்கு வெயில்ல வேலையைக் குறைன்னு சொல்றது நியாயம். நான் குறைக்கலை, வேரோட பிடுங்கிட்டேன். காலையில ரெண்டு மணி நேரம் நீங்க, மத்த நேரம் வேற ஒருத்தர்னு பிரிச்சுக் கொடுத்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு அப்ப எங்க போச்சு?

உங்களை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் பண்ணின அன்னைக்கு நம்ம தெருவுல பாதிக் கதவு திறக்கலை. டேவிட் அண்ணன் வரலை.

அம்மா உங்களுக்கப்புறம் அதே மாடியில, அதே நாற்காலியில உட்கார்ந்தா. முட்டி வலி, பிபி, யார்கிட்டயும் பேச்சில்லை. ரெண்டு வருஷம் பார்த்துக்கிட்டே இருந்தேன். போன மாசம் ஊர்க் கூட்டத்துல, கெட்ட பேரு வரும்னு புதுச் சாவியை யாரும் தொட மாட்டேன்னதும், கூட்டத்துக்குப் போயிருந்த அம்மா எழுந்து, "நான் வச்சிருக்கேன்"ன்னுட்டா. எழுபது வயசு! நான் ஆடித் தீர்த்தேன். அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணினோம். காலையில மட்டும் அம்மா, ஊர் வீட்டுலயே தங்கி, குடையோட, கஞ்சி குடிச்சுட்டு. மத்த நேரத்துக்கு வாத்தியார் ஒருத்தரும், மேலத்தெருவுல இருந்து ஒரு தாத்தாவும். ஒரு மாசமா பிபி இறங்கிக்கிட்டு வந்தது. முட்டி வலின்னு வாயே திறக்கலை. என்னைத் திட்டவும் ஆரம்பிச்சுட்டா, அதுதான் பெரிய சந்தோஷம்.

வாய்க்கால்ல தண்ணி வந்து ஆறு நாள்தான் ஆச்சு; இந்தத் தடவை ஆறு நாள் முறைன்னு கூட்டத்துல பேசி, முதல் முறையை மேலத்தெருவுக்கு விட்டது. இன்னைக்குத்தான் முதல் தடவையா நம்ம பக்கம் திரும்பணும். "புருஷன் செஞ்சதைத்தான பொண்டாட்டியும் செய்வா"ன்னு பேச்சு. இந்தச் சாவியை இன்னைக்குப் பிடுங்கிட்டாங்கன்னா அம்மா திரும்ப அந்த நாற்காலிக்குத்தான் வருவா. அங்க இருந்து அவ எங்க போவான்னு எனக்குத் தெரியும்.

உங்க பழைய சாவி இப்ப என் பையிலதான் இருக்கு, பிபி மெஷினுக்கு அடியில. அன்னைக்குப் பழைய துண்டுல சுத்தி என் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால வச்சதை நான் ஒரு நாளும் பிரிச்சுப் பார்த்ததில்லை. அப்படியே எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். மணி பதினொண்ணே முக்கால். டேவிட் அண்ணன் கரையில ஏறி வர்றார். பேனாவை மூடுறேன்.

இப்ப சாயங்காலம் நாலு மணி. எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க.

அண்ணன் வந்து மரியாதையாத்தான் கேட்டார். "சித்தி, சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

"பன்னண்டு அடிக்கட்டும்டா. பச்சையை ஏத்திட்டுத் தர்றேன்."

"போன தடவை சித்தப்பாவும் எங்களை இப்படித்தான் நம்ப வச்சாரு." சொல்லிக்கிட்டே சாவியோட ஒரு முனையைப் பிடிச்சுட்டார். அம்மா மறுமுனையை விடலை. பின்னால இருந்து ஒருத்தன், "பிடுங்குண்ணே"ங்கறான். அம்மா கழுத்து நரம்பு துடிக்கிறது எனக்கு இங்க இருந்தே தெரியுது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டா ரெண்டு பேர்ல யாராவது வாய்க்காலுக்குள்ள விழுவாங்க.

"அப்பா விக்கலை! சாவியை எடுத்தவ நான்!"

நான்தான் கத்தினேன்னு கத்தி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது. பையில இருந்த மூட்டையை எடுத்து மதகு மேல வச்சு எல்லாத்தையும் சொன்னேன். வார்டு, கைப்பை, அரிசி டின், உங்க முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

அண்ணன் சாவியை விட்டுட்டார். அடிப்பார்னு நினைச்சேன், அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்படியே கரையில உட்கார்ந்து, "சித்தப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போடலையேடி நான். உன்னால போடலையேடி"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதார்.

ஏதாவது செய்யணுமேன்னு மூட்டையைப் பிரிச்சேன். வெளியில நான் சுத்தின துண்டு. உள்ள நான் வைக்காத ஒண்ணு. உங்க பச்சைக் கொடி, நாலா மடிச்சு, எண்ணெய் ஊறி. அதுக்குள்ள சாவி. மூணு வருஷத்துக்கு அப்புறமும் ஒரு பொட்டு துரு இல்லை.

அம்மாவைப் பார்த்தேன்.

"அரிசி எடுக்கப் போனப்ப பாத்துட்டாரு. நாம வந்து ரெண்டு மாசம் ஆயிருக்கும்"னா. "அப்பவே ஊருக்குச் சொல்லிடலாம்னேன். கூடாதுன்னாரு. நான் செத்துடுவேன்னு பயந்துதான் புள்ள செஞ்சிருக்கு, பேரு கெட்டா என் பேரு கெட்டுப் போகட்டும்னாரு. அப்புறம் எண்ணெய் போட்டுத் துடைச்சு, ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்த கொடியில சுத்தி வச்சாரு."

தெரியும். பத்து மாசம் எதிர்லயே உட்கார்ந்து, நான் கொடுத்த மாத்திரையை வாங்கி முழுங்கினீங்களே, தெரிஞ்சுக்கிட்டேவா? "ஒண்ணுமில்லீங்க"ன்னப்ப என்னைப் பார்த்தீங்களே, அதுவும் தெரிஞ்சுதானா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதாப்பா?

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் எழுந்து முகத்தைக் கழுவிக்கிட்டு, "திருப்புங்க சித்தி"ன்னார். என்கிட்ட பேசலை, எப்ப பேசுவார்னும் தெரியலை. எண்ணெய் ஊறின அந்தக் கொடியை அவரேதான் மூங்கில்ல கட்டினார். கடைமடை வரைக்கும் நம்ம ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டது எனக்குக் கேட்டது. அம்மா உங்க சாவியைத்தான் போட்டுத் திருகினா. தண்ணி திரும்புச்சு.

அம்மா பிபியை இப்பத் திரும்பப் பார்த்தேன், இறங்கியிருக்கு. எனக்குப் பார்த்துக்கலை.

இனிமே அம்மாவைக் கரையில இருந்து இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன். கஞ்சி குடிக்காம வந்தாலோ மாத்திரை தப்பினாலோ மட்டும் கத்துவேன். முறை மாறுற நாளெல்லாம் லீவு போட்டு வந்து இந்த மதகுல நிப்பேன், டேவிட் அண்ணன் பேசினாலும் பேசலைன்னாலும். உங்க சாவிக்கு எண்ணெய் போடுற வேலை இனி என்னுது. சம்பளம் வேண்டாம்ப்பா.

உங்க சாவியை ஒளிச்சு வச்ச, நீங்க ஒளிச்சுக் காப்பாத்தின மக,
எஸ்தர்