கல்பனா தொட்ட போர்டு

ஆடி 14, செவ்வாய்

கெடார் ஊரிலிருந்து ஏழுமலை இன்று என் ரிப்பேர் கடைக்கு வந்தார். நான் போன வாரம் கைவிட்ட அவருடைய சோலார் மோட்டார் போர்டு இப்போது ஓடுகிறதாம். திண்டிவனத்தில் கல்பனா சரிசெய்து கொடுத்திருக்கிறாள். ஐ.டி.ஐ.யில் என் பக்கத்து மேசைக்காரி. அப்போதும் அவள்தான் முதலில் முடிப்பாள். என்னிடம் அவர் கேட்டு வந்தது போர்டு டப்பாவுக்கு ஒரு மூடி.

அந்தப் போர்டில் 24 வோல்ட்டை ஐந்தாக இறக்கும் ஐசி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. செத்துவிட்டது என்று மூன்று முறை மாற்றினேன்.

"ஐசி நல்லாத்தான் இருக்குதாம். கிளம்பும்போது கரண்ட் ஜாஸ்தியா போவுதுன்னு அதுவே நிறுத்திக்கினு, மறுபடி கிளம்பிப் பார்க்குதாம்" என்றார்.

ஜாஸ்தியாக இழுத்தது எது என்று எனக்குத் தெரியும். உப்பிப்போன பழைய கபாசிட்டரை எடுத்துவிட்டு, பெரிதாக இருந்தால் நல்லது என்று நான் போட்ட புதுக் கபாசிட்டர்; கிளம்பும்போது அது நிரம்பவே அவ்வளவு கரண்ட் இழுக்கும். அவர் கொண்டுவந்திருந்த போர்டைப் பார்த்தேன். அதை அவள் தொடவே இல்லை. வோல்டேஜ் மெதுவாக ஏறட்டும் என்று ஐசிக்குப் பக்கத்தில் கடுகளவு கபாசிட்டர் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறாள். சால்டரிங்கை நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"என்னப் பத்தி எதனா சொல்லிச்சா?"

"முன்ன பார்த்தவரு நல்ல கபாசிட்டரா போட்டிருக்காரு, அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லிச்சுங்க."

என் தப்பைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கெடார் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

மூடிக்கு நான் காசு வாங்கவில்லை. அதையாவது அவளிடம் போய்ச் சொல்வாரா?