ஆந்தைக்கு அக்கா எழுதிய பதில்கள்

ஜூன் 3, செவ்வாய்

அக்கா இன்றும் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு மடிக்கணினியைத் திறந்தாள்.

"சாப்பிட்டுட்டு உட்காரேன்டி" என்றாள் அம்மா.

"ரெண்டு நிமிஷம்மா."

அக்காவின் இரண்டு நிமிடத்தில் நான் ஓர் அத்தியாயம் முடித்துவிடுவேன்.

திரையில் பனிக்கரடி. அது யாரோ ஒருவரின் புனைபெயர். அக்கா எழுதிய வாசிப்புச் செயலியை உலகத்தில் யார் யாரோ பயன்படுத்துகிறார்கள். பழுது இருந்தால் அவளுக்கு எழுதுகிறார்கள். சிலர் தாங்களே சரிசெய்தும் அனுப்புகிறார்கள். பனிக்கரடி என்னவோ எழுத, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

அந்தச் செயலி முதலில் என்னுடையது. இது யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது, பழைய டேப்லெட்டில் எந்தப் புத்தகமும் திறக்கவில்லை என்று அழுதேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை எழுதினாள். பக்கம் புரட்டினால் கீழே ஒரு சின்ன எலி ஓடும். அவள் எனக்கு வைத்த பெயர் எலி, புத்தகத்தைக் கொறிப்பதால். பிறகு எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்துவிட்டாள்.

இப்போது என் எலி ஊரார் வீட்டிலெல்லாம் ஓடுகிறது.

ஜூன் 5, வியாழன்

சனிக்கிழமை பழைய புத்தகச் சந்தைக்குக் கூட்டிப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். போன வாரமும் சொன்னாள்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றும் போகவில்லை. யாருக்கோ செயலி திறக்கவே இல்லையாம். நான் பை, குடை எல்லாம் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "அடுத்த வாரம்டி, சத்தியமா" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"உனக்கு அவங்கதான் முக்கியமா?" என்று கத்தினேன்.

"ஆமா, போ!"

சரி. அவர்கள்தான் முக்கியம் என்றால் நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டால்? செயலியின் இணையப் பக்கத்தில் புதுக் கணக்கு தொடங்கினேன். பெயர் ஆந்தை. பொய்ப் பழுது ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையிலேயே ஒன்று இருக்கிறது: சில புத்தகங்களைப் பாதியில் மூடினால், விட்ட இடத்தை மறந்து முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறது. திரையைக் கைபேசியில் படம் எடுத்து இணைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

பதில் வந்துவிட்டது!

"வணக்கம் ஆந்தை. இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. உங்கள் வாசிப்பைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். எந்தெந்தப் புத்தகங்களில் இப்படி ஆகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அவசரமில்லை."

நீங்கள்! வருந்துகிறேன்! இதே அக்கா காலையில் என் சீப்பை எடுத்துவிட்டு, "அதுல உன் பேரா எழுதியிருக்கு?" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். செயலியில் உள்ள மின்னூல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன். அத்தியாயத் தலைப்பு மிக நீளமாக இருந்தால் மட்டும்தான் மறக்கிறது. எழுதி அனுப்பினேன். அரைமணியில் பதில்:

"ஆந்தை, அருமை! எனக்கே பிடிபடாமல் இருந்தது. உங்களைப் போல நிதானமாகப் பார்க்கிறவர்கள் கிடைப்பது அபூர்வம்."

படித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் ஒரே எரிச்சல். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ஆந்தையைக் கொஞ்சுகிறாள், எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆந்தைமேல் பொறாமையாக இருக்கிறது. ஆந்தை நான்தானே! இது என்ன வியாதி?

நாளை சந்தை இல்லை. அந்தப் பழுதைச் சரிசெய்யப் போகிறாளாம். என் குழியை நானே தோண்டிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளிக்குப் புது டேப்லெட்டுகள் வந்தன. உள்ளே பளபளவென்று ஒரு வாசிப்புச் செயலி, ஒரு நிறுவனத்தின் பெயரோடு. பாதியில் மூடித் திறந்தேன். முதல் பக்கம்! அதே மறதி. அக்காவுடையது. நிறத்தை மாற்றி, எலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர்கள் முத்திரையை ஓடவிட்டிருக்கிறார்கள்.

"சூப்பரா பண்ணியிருக்காங்கல்ல?" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி.

வீட்டுக்கு வந்து கொதித்தேன். அக்கா அசையவில்லை. "எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம்னு நான்தானே எழுதி வெச்சிருக்கேன்."

"விக்கவுமா?"

"பூட்டி வெச்சா நான் பண்ற தப்பு என்னோடயே கிடக்கும்டி. திறந்து வெச்சா நாலு பேர் கண்ணுல படும். யாரோ ஒரு ஆந்தை வந்து கண்டுபிடிக்குது பாரு."

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "சும்மா குடுத்தா எவன் மதிப்பான்?"

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. திறந்து வைப்பது நல்லதுதான். ஆனால் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எழுதியவள் பெயரை ஓர் ஓரத்திலாவது போடக் கூடாதா? அந்த எலி என்ன பாவம் செய்தது?

ஜூன் 20, வெள்ளி

அந்த நிறுவனத்து ஆள் அக்காவின் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார். பள்ளிகளிலிருந்து புகார் வருகிறதாம். புதிய பதிப்பில் சரிசெய்ததை, அவர்கள் வைத்திருக்கும் பழைய பதிப்பிலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்து தர வேண்டுமாம். தயவுசெய்து இல்லை, நன்றி இல்லை. அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எலி, நாளைக்கு..." என்று தொடங்கினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆந்தையாக எழுதினேன்: "ஐயா, இது உங்களுக்குச் சும்மா கிடைத்தது. அவசரம் என்றால் நீங்களே சரிசெய்யலாம், எல்லாம் திறந்துதான் இருக்கிறது. இவர் உங்கள் சம்பளக்காரர் அல்ல. மேலும், நாளை இவர் தன் தங்கையோடு சந்தைக்குப் போக வேண்டும்."

அனுப்பிய பிறகுதான் கடைசி வரியைப் படித்தேன். ஐயோ.

கதவு தட்டப்பட்டது.

"ஆந்தை உள்ள இருக்கா?"

நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அக்கா உட்கார்ந்து, நான் முதல் நாள் அனுப்பிய படத்தைக் காட்டினாள். திரைக் கண்ணாடியில் மங்கலாக இரட்டைப் பின்னல், வாயில் பென்சில்.

"முதல் நாளே தெரியும்டி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நேர்ல வந்து 'உனக்கு அவங்கதான் முக்கியமா'ன்னு கத்தினே. அங்க வந்து எது வேலை செய்யலன்னு நிதானமா சொன்னே. எதுக்குப் பதில் சொல்றது சுலபம்? நீயே சொல்லு."

அப்படியானால் அருமை, அபூர்வம் எல்லாம்...

"எனக்கா எழுதினே?"

"பின்ன, ஆந்தைக்கா?"

"பனிக்கரடிகிட்ட மட்டும் அப்படிச் சிரிக்கிறே."

"அவரு பல் டாக்டர்டி. பேரன் பேத்தி எடுத்தவரு. அவரைப் பார்த்தா வயிறு எரியுது உனக்கு?"

எரிந்தது. கொஞ்சம் இப்போதும்தான்.

ஜூன் 21, சனி

அக்கா நிறுவனத்து ஆளுக்கு ஒரே வரி எழுதினாள்: "ஆந்தை சொன்னதுதான் என் பதிலும்." மடிக்கணினியை மூடினாள். குடையை அவளே எடுத்தாள்.

பேருந்தில் அவள் பையிலிருந்த கைபேசி ஒலித்தது. அவள் எடுத்ததும் எட்டிப் பார்த்தேன். யாரோ புதியவர்: பக்கம் புரட்டும்போது ஓடும் எலி தங்கள் டேப்லெட்டில் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம், குழந்தை அழுகிறதாம். எலி நின்றால் எப்படி? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும். "ரெண்டே நிமிஷம்க்கா" என்று கையை நீட்டினேன்.

அக்கா கையைத் தட்டிவிட்டாள்.